துண்டு வைத்து ஊதிய ட்ரம்பெட்

ரயில்வேக்காகச் சாமான் வாங்குவதிலேயே உத்தியோகத்தைக் கழித்தவன் நான். ஒரு போல்ட் வாங்கவும் விவரக்குறிப்பு வேண்டும், மூன்று மாதிரி வேண்டும், சோதனை வேண்டும். ஓய்வு பெற்றும் அந்த வியாதி தீரவில்லை. கத்தரிக்காய்கூட நாலு கடை பார்த்துத்தான் வாங்குவேன். நான் வீடு திரும்புவதற்குள் சமையல் முடிந்திருக்கும்.

ஆகவே பேத்திக்குப் புது ட்ரம்பெட் என்ற பேச்சு எழுந்தபோது, யாரும் கேட்காமலே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மகளின் மகள் அவள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கித் திருச்சியில் கல்லூரிக்குப் போகிறாள். கல்லூரி பேண்டில் கடைசி வரிசை. ஆண்டு விழாவில் தனியாக வாசிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பேண்ட் மாஸ்டர் அவளிடம், "எல்லாம் சுத்தமா வருதும்மா. ஆனா சத்தம் உன்னைத் தாண்டி வர மாட்டேங்குது. வாத்தியத்தை மாத்திப் பாரு" என்று சொல்லியிருந்தார். பள்ளி நாளில் வாங்கிய பழைய ட்ரம்பெட் அது. அதில் ஒரு வால்வு, அழுத்தினால் மேலே வருவதற்கு மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்.

அவளுக்கோ வாத்தியத்தின் மேல் சந்தேகமில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எனக்குத்தான் மூச்சு பத்தல தாத்தா. புதுசுலயும் வரலைன்னா விட்டுடறேன்."

அவள் பிசைந்த சாதம் தட்டிலேயே இருந்தது. நான் விவரக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் மூன்று ட்ரம்பெட்டுகளை எடுத்து வைத்தார். கம்பெனிப் பெயர் தெரியாமல் காகிதம் சுற்றச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆய்வாளர் பாரபட்சம் காட்டக் கூடாது.

"சார், பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்ளோ முறை பண்ண மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பார்க்கிறதுல இந்த முறை இருந்திருந்தா பல வீடு உருப்பட்டிருக்கும். ஊதும்மா."

மூன்றையும் ஊதினாள். முதலாவது, எடை குறைந்தது, சுலபமாகப் பேசியது. மூன்றாவது கனமானது, முனகியது. முதலாவதுதான் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன். அவள் கையில் இருந்த கனமான ட்ரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் ஒரு பழைய ஈரிழைத் துண்டு திணிக்கப்பட்டிருந்தது.

கடைக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா, ட்ரம்பெட்டுக்குச் சளியா?"

அவள் திடுக்கிட்டுத் துண்டை உருவினாள். "பழக்கத்துல மூணுலயும் வச்சுட்டேன் அங்கிள்."

வீட்டில் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறேன். தூசி போகாமல் வைக்கிறாள், பராமரிப்பு தெரிந்த பெண் என்று உள்ளூர மெச்சியதும் உண்டு.

"எப்பலேருந்து இது?" என்றேன்.

"உங்களுக்கு ஸ்டென்ட் வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோமே, அப்பலேருந்து. சத்தமே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

டாக்டர் சொன்னது ஒரு வாரத்துக்கு. அது ஆகி ஒரு வருடம் போய்விட்டது. உத்தரவை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஓர் உத்தரவு நடப்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

துண்டில்லாமல் மறுபடி ஊதச் சொன்னேன். அப்போதும் அதே சத்தம். மூச்சு துண்டுக்குப் பழகியிருந்தது.

"இந்தச் சோதனை செல்லாது" என்று கடைக்காரரிடம் சொன்னேன். "வெளியில வச்சுப் பார்க்கணும்."

அவர் ஏதோ முணுமுணுத்தபடி ஷட்டரை இறக்கினார். மூன்று பெட்டிகளோடு மூன்று பேரும் ஓடத்துறைப் பக்கம் காவிரிக் கரைக்கு நடந்தோம். கோடை, தண்ணீர் நடுவில் ஒதுங்கி மணல் தெரிந்தது. பாலத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. இங்கே யாருக்கும் சத்தத்தைப் பற்றிப் புகார் இருக்க முடியாது.

முதல் ட்ரம்பெட்டை வாயில் வைத்தவள் என்னைப் பார்த்தாள். "நெஞ்சு ஒண்ணும் பண்ணாதே?"

"நெஞ்சு என் இலாகா. நீ அக்கரைக்குக் கேட்கிற மாதிரி ஊது."

இரண்டு மூன்று முறை தயங்கித் தயங்கி வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். கடையில் சுலபமாகப் பேசிய முதல் ட்ரம்பெட், மூச்சு ஏற ஏறத் தகரம் கிழிவது போலக் கத்தியது. இரண்டாவது கொஞ்சம் தாங்கியது. கனமானது அவள் எவ்வளவு கொடுத்தாளோ அவ்வளவையும் வாங்கிக்கொண்டது; சத்தம் உருண்டு திரண்டு மணலைத் தாண்டிப் போயிற்று. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஊதி முடித்தவள் மூச்சு வாங்கியபடி ட்ரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானா தாத்தா?"

"பின்ன, நானா ஊதினேன்?" என்றேன். அந்தத் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கடைக்காரர் பெரிய மனது பண்ணி ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

கனமானதையே வாங்கினோம். மறுநாள் மத்தியானம் நான் தூங்கும் நேரத்தில், கூடத்தில், துண்டில்லாமல் ஊதச் சொன்னேன். மாட்டேன் என்றாள்; பிறகு ஊதினாள். மேல் வீட்டு ஐயங்கார் இறங்கி வந்தார்.

"ஸ்வாமி, இது என்ன கோஷம்? தினமுமா?"

"தினமும்தான் ஸ்வாமி. சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திடறோம்."

"நாலுக்கு அடியேன் கோயிலுக்குப் போயிடுவேன். க்ஷேமமா ஊதட்டும்."

ஆண்டு விழாவுக்கு அவளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்று என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். மேடை ஏறியதும் ஆற்றங்கரையில் பார்த்தது போலவே என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சைத் தொட்டு, எல்லாம் சரி என்று தலையசைத்தேன். அதன் பிறகு வாசித்து முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவேயில்லை.