முன்சீட்டு மேடம்

"ராக்கு அக்கா, எந்திரிச்சீகளா?"

"எந்திரிக்காமலா மேடம் இங்க வந்து நிக்கிறேன்?"

"வீட்ல எல்லாரும் எந்திரிச்சாகளா? ஆட்டுக்குட்டி எந்திரிச்சுச்சா?"

காலை ஐந்தரை மணிக்குப் போடி டீக்கடைகளின் முன்னால், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும். மற்ற ஜீப்புகள் தம் பாட்டுக்குக் கிளம்பிவிடும். டிரைவர் பாண்டித்துரையின் ஜீப்பு மட்டும் நீமா எல்லாரையும் விசாரித்து முடிக்கும்வரை நகராது. பதினான்கு பெண்கள், ஆளுக்கு மூன்று கேள்விக்குக் குறையாது. ராத்திரி தூக்கம் எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று கேட்காமல் ஒருவரிடம் பேச்சை ஆரம்பிப்பது அவள் ஊரில் பெரிய மரியாதைக்கேடு. பாண்டித்துரை தலையில் அடித்துக்கொள்வார்.

"மேடம், மலைமேல மெட்டுக்குப் போயி கேளுங்க மேடம். மஞ்சு எறங்கிருச்சுன்னா ரோடு தெரியாது!"

அவள் ஊர் தான்சானியாவில், உசம்பரா என்கிற மலை. அங்கேயும் ஏலக்காய் விளைகிறது. அதை 'இலிக்கி' என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் அம்மாவுக்கு ஒரு துண்டு நிலமும் அதில் நூறு செடியும் உண்டு. இருபத்துநாலு வயதில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, தோட்டப்பயிர் மேற்படிப்புக்காக ஜூன் மாதம் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வந்து சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க அவள் செய்தது இரண்டே காரியம், குளிப்பதும் அழுவதும். போடி வெயிலுக்குக் குளியல், மற்றதற்கெல்லாம் அழுகை.

இரண்டாவது வாரம் பசி வந்தது. இட்லி பிடித்துத்தான் இருந்தது, ஆனால் வயிறு தன் ஊர்ச் சோளக்களியைக் கேட்டது. மக்காச்சோளம் வாங்கி, மாவு மில்லில் போய் நின்றாள். இந்தப் பக்கம் மக்காச்சோளம் தின்பது யார்? மில்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை கோழி வளக்குறீக?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு கோழி. நான்தான்," என்றாள் நீமா.

அன்றைக்கு மில்லில் எழுந்த சிரிப்பில் அவளுக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மீதியை வீட்டுக்காரம்மாவிடமிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பொறுக்கினாள். இன்னும் சில வழக்கங்கள் விடவில்லை. யாராவது மூட்டை சுமந்து வந்தால், "மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்பாள். அடுத்தவர் கஷ்டப்படும்போது அப்படிச் சொல்வது அவள் நாட்டுப் பண்பு. சுமைக்காரர் மூட்டையோடு நின்று, இவள் என்ன தப்பு செய்தாள் என்று யோசிப்பார்.

இவ்வளவு ஒட்டிக்கொண்டவளுக்கு ஜீப்பின் முன்சீட்டுதான் ஒட்டவில்லை.

பாண்டித்துரைக்கு அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. "வெளிநாட்டுப் பொண்ணு, பின்னாடி ஒக்காந்து கீழ விழுந்து வச்சா டேசனுக்கு அலையிற சோலி எனக்குத்தான்," என்பார். ஆகவே நீமா முன்னால், கண்ணாடி பார்த்த சீட்டில், தனியாக. பின்னால் பதினான்கு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு வருவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் அங்கே பேச்சு ஓயாது. மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் ஒருத்தியின் மடியிலிருந்து இன்னொருத்தியின் மடிக்கு மாறும். இடம் கிடைத்தவள் மற்றவள் வாளியையும் சேர்த்து வைத்துக்கொள்வாள். சண்டை வந்தால் முதலில் கொடுத்த வாளியைத்தான் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அந்தப் பதினான்கு பேரையும் நம்பித்தான் அவள் படிப்பே இருந்தது. காய் முற்றிவிட்டதென்று பறிக்கிற கைக்கு எப்படித் தெரிகிறது? இதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்டால் அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் சொன்னார்கள். "எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஒரு கொறையும் இல்ல மேடம்." முன்சீட்டில் வருகிறவரிடம் வேறு எதைச் சொல்வது? மேலிடத்து ஆள் என்று நினைத்துவிட்டார்கள். பேராசிரியரோ கெடு வைத்துவிட்டார். கார்த்திகை முடிவதற்குள் உருப்படியாக ஏதாவது வர வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொண்டு வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். மறுபடியும் புது ஊர், புது அறை, புது அழுகை.

கார்த்திகை இரண்டாம் வாரம் அது நடந்தது. கேரளத்துப் பூப்பாறைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம், காலையிலிருந்து தூறல். பதினான்கு பேரில் ஒருத்தியான மருதாயிக்கு விரலில் கத்தி வெட்டு. நாற்பத்தைந்து வயதுக்காரி, அதிகம் பேச மாட்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு திணறுவதைப் பார்த்த நீமா, நோட்டை மூடிவிட்டு, அடுத்த செடியின் தூரில் குந்தினாள். தரையோடு படர்ந்த காய்ச்சரங்களில் அவள் கை ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து நிமிடத்தில் நாலு செடி. பறித்ததையெல்லாம் மருதாயியின் பையில் கொட்டிவிட்டு எழுந்தாள். மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் எடை போடும் இடத்தில் மலையாளி சூப்பர்வைசர் பைக்குள் கைவிட்டு ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே விதை வெளேர் என்று இருந்தது. இன்னொன்று, அதுவும் வெள்ளை.

"எந்தா மருதாயி இது? பாதியும் பிஞ்சாக்கும்! நாளை முதல் வர வேண்டா."

மருதாயி துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பறித்தது யார் என்று நீமாவுக்குத் தெரியும். அவள் ஊரில் ஏலக்காய்த் திருட்டு அதிகம். திருடன் வருவதற்குள் சரத்தை மொத்தமாக உருவிவிடு என்பது அம்மாவின் சட்டம். முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். கைக்கு அது தெரியவில்லை, அம்மாவைத்தான் தெரிந்தது. இப்போது சொன்னால் தோட்டத்துக்குள்ளேயே வராதே என்பார்கள், படிப்பு அதோடு போச்சு. சொல்லாவிட்டால்?

"அண்ணே, அது நான் பறிச்சேன்," என்றாள்.

சூப்பர்வைசர் முகம் மாறிவிட்டது. "மேடமா? ஓ, சாரமில்லா மேடம், சாரமில்லா. போகட்டே." பரவாயில்லை என்று கையை ஆட்டி, பையைத் தராசில் வைக்கச் சொல்லிவிட்டார்.

"இது என்ன ஞாயம்?" பின்னாலிருந்து ராக்குவின் குரல் வெடித்தது. "நாங்க பறிச்சா வராதேம்பீக, முன்சீட்டு மேடம் பறிச்சா சாரமில்லயா?"

நீமா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "சாரம் இருக்கு. மருதாயி அக்காவத் திட்டுன மாதிரி என்னையும் திட்டுங்க அண்ணே."

சூப்பர்வைசர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மருதாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அவரு எங்க திட்டப் போறாரு. நான் திட்டுறேன். ஏண்டி, ஒனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பச்சப் புள்ள மாதிரிப் பிஞ்சையெல்லாம் உருவி வச்சிருக்க! தொட்டா காய் கல்லுக் கணக்கா இருக்கணும். லேசா ஒடிச்சா காம்பு தானா வரணும். இழுத்தாத்தான் வருதுன்னா விடுடி, இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம்!"

"கல்லுன்னு சொல்லாத, ஈரத்துல எல்லாந்தான் கல்லா இருக்கும். நெறம் பாக்கணும்," என்றாள் ராக்கு.

"நெறத்த நம்புனா வெளங்குனாப்லதான்!" என்றாள் மருதாயி.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் நின்ற நீமாவின் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாயோ சிரித்தது. ஐந்து மாதமாக இந்த நாட்டில் அவளிடம் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. இந்தத் திட்டு அம்மாவின் வாயிலிருந்து வருவது மாதிரியே இருந்தது அவளுக்கு. சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டைப் பிரித்தாள்.

மறுநாள் காலை. விசாரிப்பெல்லாம் முடிந்தது, ஆட்டுக்குட்டி உட்பட. பாண்டித்துரை வழக்கம்போல முன்கதவைத் திறந்து பிடித்தார். நீமா அவரைத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்றாள். உள்ளே பதினான்கு பேர், விரல் நுழைய இடமில்லை.

"மேடம், அங்க எடம் இல்ல மேடம், முன்னாடி வாங்க!"

"நீ வண்டிய எடுண்ணே," என்றாள் ராக்கு, ஒரு பக்கமாக ஒடுங்கிக்கொண்டே. "ஏ புள்ள, என்ன வேடிக்க பாக்குற? வெரசா ஏறு."

நீமா ஏறி, இருந்த நாலு விரற்கடை இடத்தில் தன்னைத் திணித்துக்கொண்டாள். ஜீப்பு அடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவில் திரும்பியது. எதிரே இருந்த மருதாயி, கேட்காமல் கொள்ளாமல், தன் தூக்குவாளியை எடுத்து நீமாவின் மடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள்.