கதவுக்கு வெளியே

ஐந்தருவிக்குப் போகும் வழியில் சாரல் விழுகிறது. கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய் தேய்ப்பவர் என் உச்சந்தலையில் படபடவென்று தட்டுகிறார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "உங்க பிள்ளைங்க கொடுத்து வச்சவங்க, அண்ணாச்சி" என்கிறேன்.

கை நிற்கிறது.

"ஒரே பையன் சார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டை தூக்குதான். உடம்பு வலிக்குன்னு கஞ்சா இழுக்க ஆரம்பிச்சான். பெறவு விட முடியல. வலிக்குன்னா எங்கிட்டல்லா சொல்லியிருக்கணும்?"

சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. இவரும் மகனுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து, நாற்பத்தொரு நாள் அருவியில் நிறுத்தியிருக்கிறார். மறுநாளே அவன் திரும்பவும் இழுத்திருக்கிறான்.

"இப்போ தலையத் தொடவே விட மாட்டேங்கான் சார்."

தென்காசியில் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் கவுன்சிலிங் போகிறானாம். ஒன்றரை மாதமாகக் கஞ்சாவைத் தொடவில்லை.

"வீட்ல பேசுறானா?"

"ஒரு வார்த்தை கெடையாது. அங்கன கவுன்சிலிங் ரூமுக்குள்ள மட்டும் பேசுதான்."

அவசரமாகக் கையைத் துடைக்கிறார். இன்றைக்கு அந்த நாள். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"பெரிய பையன்தானே, தனியாப் போக மாட்டானா?"

"போயிருவான் சார். நான் கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன். என்ன பேசுதான்னு வெளங்காது. ஆனா குரலு கேக்கும்லா."