தாய் வகுப்பு முந்திக் கூப்பிட்ட நாள்

மொன்றியலில் கணினி நிரலுக்கும் தாய் உண்டு, மகள் உண்டு. ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்த எனக்கு அது வெறும் 'பேரண்ட் கிளாஸ்'. சென்ட் லோரன்ட்டில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அதைப் பிரெஞ்சில் 'கிளாஸ் மேர்', தாய் வகுப்பு என்பார்கள். அதன் குணங்களைப் பெற்று வருவது மகள் வகுப்பு. யாராவது "உன் தாயில்தான் பிழை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது, இரண்டு வருடமாகியும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

கடந்த மாசியில் ஒரு காலை, கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகங்களுக்காக நாங்கள் செய்த கைபேசிச் செயலி, திறந்த உடனேயே முடங்கி விழுந்துகொண்டிருந்தது. தாய் வகுப்பு தான் உருவாகும்போதே பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டது. பட்டியல் இருந்ததோ மகள் வகுப்பில். மகள் அதை இன்னும் நிரப்பியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த மத்தியூ என் திரையைப் பார்த்தபடி, "செ லா மேர் கி அப்பெல் த்ரோ தோ" என்றான். தாய் நேரத்துக்கு முந்தியே கூப்பிடுகிறாள்.

அதே நேரம் மேசையில் என் கைபேசி அதிர்ந்தது. மன்னாரிலிருந்து அம்மா. என் தேநீர் இடைவேளை பார்த்துப் பத்து மணிக்கு அழைப்பு எடுப்பவ, அன்று ஒன்பதுக்கே எடுத்தா. மத்தியூ அதைத்தான் குறை சொல்கிறான் என்று நினைத்து, "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டித்துக் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். அவன் பதறிப்போய்த் திரையைக் காட்டினான். இருவரும் சிரித்தோம்.

பத்து மணிக்கு எடுக்கலாம் என்றிருந்தேன். நிரலில் இருந்த பிழை என்னை விடவில்லை. கடைசியில் அந்தக் கூப்பிடுதலைத் தாயிலிருந்து எடுத்து, மகளும் முழுதாக ஆயத்தமான பிறகு நடக்கும்படி மாற்றினேன். நான்கு வரிதான். செயலி திறந்தது. அப்போது மத்தியானமாகிவிட்டது.

பைக்குள் தங்கச்சியின் அழைப்புகள் ஏழு கிடந்தன. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோக முதல் உங்களோட கதைக்க வேணுமெண்டு நிண்டவ, அக்கா," என்றாள் தங்கச்சி.

"என்ன சொல்லவாம்?"

"ஒண்டுமில்லை. குரலைக் கேட்டாக் காணுமெண்டவ."

மத்தியூவிடம் அம்மா இறந்துவிட்டா என்று பிரெஞ்சில் சொன்னேன். அவன் முதலில் என் திரையைப் பார்த்தான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். அவனில் பிழையில்லை.

நான் போகவில்லை. என் அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. தப்பி வந்த நாட்டுக்கே போனால் இங்கே திரும்ப இடமில்லை. அடக்கத்தைத் தங்கச்சியின் கைபேசி வழியாகப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் பூசையை இங்குள்ள தமிழ்ப் பங்குத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்தேன். பூசை முடிந்து வாசலுக்கு வரும்போது தங்கச்சி கல்லறையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். உப்புக்காற்றில் சிலுவையின் வெள்ளைப் பூச்சு அதற்குள் பொரிந்திருந்தது. பனி கரையத் தெருவில் கொட்டிய உப்பு என் சப்பாத்தில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பேருந்து வரும்வரை அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.