தானாகச் சுற்றிய விசிறி

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். கோயில் வண்ணக்கரைப் பற்றி எழுதினால் அம்மன் குற்றம் பிடிப்பாளோ என்ற பயம். கோயிலை நடத்துகிறவரைக் குறை சொல்வது கோயிலையே சொல்வதுபோல என்றுதான் எங்களை வளர்த்தார்கள். போன மாதம் என் வீட்டுக்காரரின் செத்த வீட்டில் வண்ணக்கர் பேசியதைக் கேட்டபின் அந்தப் பயம் போய்விட்டது.

எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. என்னைவிட வயது கூடியது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் இவர் குடும்பத்தைப் பார்த்தார். சுனாமி வீட்டைக் கொண்டுபோய், காரைத் தென்னைகளுக்கிடையில் செருகிவிட்டுப் போனது. நாங்கள் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், எங்கள் அம்மன் கோயில் இருக்கும் ஊரில், என் அக்காவின் வளவில் குடியேறினோம். அங்கிருந்து நோயாளிகளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்று காரைத் திருத்தக் கொடுத்தோம்.

றேடியேற்றரைக் குளிரவைக்கும் இரும்பு விசிறி வெற்றிலைபோல மடிந்து கிடந்தது. ஏறாவூர் கராஜ்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர், அதைக் கழற்றி நிலத்தில் போட்டார்.

“இத நிமித்திப் பூட்டலாம் தம்பி. இல்லாட்டி யப்பான் காருட கரண்ட் ஃபேன் ஒண்டு கிடக்கு. உங்கட விருப்பம்.”

“இரும்பே போடுங்க காக்கா,” என்றேன் நான். “எஞ்சின் சுத்தினாச் சுத்தும், நிண்டா நிக்கும். சொல்வழி கேக்கிற சாமான்.”

“ஓடக்குள்ள சரி புள்ள,” என்றார் இவர். “ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றி வரிசையில கார் ஊரக்குள்ள அது கிழவன் மாதிரியெல்லா சுத்துது. பிள்ளத்தாச்சியப் பின்னால வச்சிக்கொண்டு, தண்ணி கொதிச்சு நடுரோட்டில நிண்டத மறந்திட்டியா?”

மறக்கவில்லை. வைகாசியில் அம்மனின் கோபம் தணிய நீர் வார்க்கும் சடங்கை நாங்கள் குளிர்த்தி என்போம். “அம்மனுக்கு வருசத்துக்கு ஒரு குளிர்த்தி, உன்ட காருக்குச் சென்றிக்கு ஒரு குளிர்த்தி,” என்று வண்ணக்கர் இவரைப் பகிடி பண்ணுவார்.

“ஒண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் கராஜ்காரர். “இது எஞ்சின் நிண்டாலும் நிக்காது. சூடேறினாத் தானாச் சுத்தும். சூடு தணிஞ்சாத்தான் நிக்கும்.”

“அது இன்னும் நல்லம்தானே,” என்றார் இவர்.

கரண்ட் விசிறியே பூட்டினோம். எலுமிச்சம்பழம் வெட்டி, சந்தனம் வைத்தேன்.

சண்டை மறுபடி மூண்ட காலம். ஒரு நாள் வண்ணக்கரின் மனைவிக்குக் கால் புண் முற்றி, அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் கூடப் போனேன். நல்ல உச்சி வெயில். சென்றியில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம். இவர் பொனற்றைத் திறந்தார். ஒரு சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். டிக்கென்று ஒரு சத்தம். விசிறி அவன் முகத்துக்கு நேரே சுழலத் தொடங்கியது.

குண்டு என்று நினைத்து அவன் தார் ரோட்டில் குப்புற விழுந்தான். மற்றவர்கள் துவக்கை நீட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வெடிக்கவில்லை. அப்போது ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் விழுந்து கிடந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எங்களைக் கெடுத்தது.

அவன் எழும்பினான். “யார் சுவிட்ச்?”

“ஒருத்தருமில்ல ஐயா. சூட்டுக்குத் தானாச் சுத்துறது,” என்றார் இவர்.

அவன் வண்ணக்கரிடம் திரும்பினான். “இந்தாள் தெரியுமா?”

எங்கள் கலியாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர். “தெரியாது ஐயா,” என்றார். “ரோட்டில மறிச்சு ஏறின கார்.”

நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். என்னைத் தள்ளிவிட்டான். இவரிடம், “கை போடு. நிப்பாட்டு,” என்றான்.

இவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலக்கையை உள்ளே விட்டார். விசிறி நின்றது. இவர் மாடுபோலக் கத்தினார். பிறகு அந்தச் சிப்பாய் சலித்துப்போனவன்போல, “போ,” என்றான்.

வண்ணக்கர் காரில் ஏறிக்கொண்டார். “டக்கெண்டு எடு. டொக்டர் போயிடுவார்,” என்றார்.

என் சேலைத் துண்டால் கையைச் சுற்றி, ஒற்றைக் கையால் இவர் ஓட்டினார். சுட்டு விரலும் நடுவிரலும் போயின.

ஊருக்கு வந்தபின், “ஆமி சும்மா விடுவானா? என்னத்தையோ காட்டிக் குடுத்துத்தான் வந்திருக்கான்,” என்று பேச்சு வந்தது. முதலில் சொன்னவர் வண்ணக்கர். காரை வாடகைக்குக் கேட்பது நின்றுபோயிற்று. வைகாசியில் குளிர்த்திக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பது இவருடைய தாய்வழிக் குடிக்கு உரிய தொண்டு. “அங்கம் குறைஞ்சவன் தொடப்படாது,” என்று அதையும் அவரே தடுத்தார். இவர் கோயிலின் வெளிவீதியில் நின்று கும்பிட்டார். நான் அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள்தானே.

சண்டை முடிந்தது. வருடங்கள் போகப் பேச்சு மாறியது. போன மாதம் இவருடைய செத்த வீட்டில் வண்ணக்கர் எழுந்து, “சென்றியில ஆமிக்காரன்ட சட்டையப் பிடிச்ச ஆம்புள இவன். நான்தான் அவன்ட காலில விழுந்து இவன மீட்டனான்,” என்றார். சனம் அழுதது. ஒரு பொடியன் அதைப் போனில் படம் பிடித்தான்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இவரை வீரனாக்க வேண்டாம், இவர் யாருடைய சட்டையையும் பிடிக்கவில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவுமில்லை. அந்தச் சிப்பாயையும் இன்னும் கெட்டவனாக்க வேண்டாம், அவன் செய்ததே போதும். விசிறி சூட்டுக்குச் சுற்றியது. தெரிந்தவர் தெரியாது என்றார். இவர் கையை உள்ளே விட்டார். இதில் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லுங்கள்.