தபசிலில் விட்டுப்போன நாற்றங்கால்

எட்டு வருஷம் கழித்து என் தம்பி ஓர் ஆவணி மாதத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இன்னொரு கையில் ஒரு காகிதம். பழத்தை நீட்டினான். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்லக்கா, ஒரே ஒரு கையெழுத்து. அப்பா நெலத்த விக்கிறேன். வாங்குறவங்க வக்கீலு உன் கையெழுத்தும் வேணும்னுட்டாரு.”

“எனக்குத்தான் அதுல பாத்தியதையே இல்லையே. எழுதி வாங்கிட்டியே.”

“அது இருக்கு. இது சும்மா.”

அவன் வாயால் ‘சும்மா’ என்று நான் கேட்பது இரண்டாவது தடவை. முதல் தடவை அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். கூட்டுறவுச் சொசைட்டியில் அப்பா பேரை மாற்ற வேண்டும், சும்மா ஒரு கைநாட்டு என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் பெயரை எழுதுவேன். எழுதுகிறேன் என்றதற்கு, “நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆபீஸச் சாத்திடுவாங்க, ரேகைய வை” என்றான். பத்திரம் எழுதுகிறவர் சிரித்தார். வைத்தேன். சாயங்காலம் ஒரு புடவை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். அது விடுதலைப் பத்திரம், அப்பா நிலத்தில் என் பாகத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்த பத்திரம் என்பது அடுத்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. போய்க் கேட்டேன். “இந்த ஊர்ல பொண்ணுங்களுக்கு யாரு நெலம் குடுத்தா? நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுல்ல” என்றான். அன்றிலிருந்து அவன் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என்னை மடச்சி என்று நினைத்து எடுத்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

“வச்சிட்டுப் போ. படிச்சிட்டுச் சொல்றேன்” என்றேன்.

“நீ படிச்சு?”

“ஆமா, நான் படிச்சு. மெதுவாத்தான் படிப்பேன்.”

மறுநாள் பஸ் ஏறிக் கும்பகோணம் போனேன். நிலப் பத்திரங்கள் பார்க்கிற ஒரு வக்கீலம்மா அங்கே இருக்கிறார். என் மகள் வயதுதான் இருக்கும். நான் கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

“வாங்குறவங்க வக்கீலே எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துக்குவாருன்னு தம்பி சொல்றான். அது போதுமா?”

“அவரு வாங்குறவங்களுக்கு வக்கீலும்மா. அவங்களுக்கு நாளைக்கு வம்பு வரக்கூடாதுன்னுதான் பாப்பாரு. உங்க கையைவிட்டு என்ன போகுதுன்னு பாக்குறது அவரு வேலையில்ல.”

“அப்ப என் தம்பிக்கு?”

“அவருக்கும் இல்ல.”

இதை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். பிறகு, பட்டா இருந்தால் நிலம் அவனுடையதுதானா என்று கேட்டேன். பட்டா மட்டும் போதாது, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்துப் பார்க்கணும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்றேன். “பதினஞ்சு நாள் குடுங்க. உங்கள யாராச்சும் அவசரப்படுத்துனா இருபது நாளாக்கிடுறேன்” என்றார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

இருபது நாள் கழித்துக் கூப்பிட்டு, என் ரேகை இருந்த அந்தப் பழைய பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். கடைசியில் எந்தெந்த நிலம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதற்குத் தபசில் என்று பெயராம். அதில் மூன்று வயல்களின் சர்வே நம்பர்தான் இருந்தது. அப்பா பெயரில் இருந்தவையோ நான்கு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் வயலுக்கு நம்பர் சொல்ல மாட்டோம், பெயர்தான். அன்றைக்குப் பத்திரம் எழுதுகிறவர் எந்தெந்த வயல் என்று கேட்டதற்கு, பெரிய பங்கு, கோயிலடி, மேட்டு வயல் என்று தம்பி அடுக்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்றங்காலைச் சொல்லவில்லை. அதை எங்கள் வீட்டில் யாரும் வயலில் சேர்த்ததே கிடையாது. நாற்று விடுவோம், பறிப்போம், அப்புறம் மாட்டுக்குப் புல் முளைக்க விட்டுவிடுவோம். வெறும் முப்பது குழி, பத்து சென்ட்தான் வரும். ஆனால் பிற்பாடு தார் ரோடு வந்தது அதன் ஓரமாகத்தான். மற்ற மூன்று வயலும் அதற்குப் பின்னால் கிடக்கின்றன, ரோட்டுக்கு வர வேறு வழி கிடையாது.

“நாத்தங்கால்ல இன்னும் உங்களுக்குப் பாதி இருக்கும்மா. அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து.”

வெளியே வந்து கடைத்தெருவில் ஒரு காபி குடித்தேன். அப்படி ஒரு ருசியான காபியை அதற்குமுன் நான் குடித்ததில்லை.

வாங்குகிறவர்கள் ஐப்பசிக் கடைசிவரைதான் பொறுப்பார்கள் என்று தம்பி போன்மேல் போன் போட்டான். நடவு முடியட்டும் என்றேன். நடவு முடிந்தது. களை எடுக்கட்டும் என்றேன். முறுக்கு வந்தது, அதிரசம் வந்தது, அவன் மனைவியே வந்தாள். கடைசியில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்.

“நாத்தங்கால்ல உன் பாதிய எனக்கு எழுதிக் குடுத்துடு. அந்த மூணு வயலையும் நீ யாருக்கு வேணா வித்துக்க. நான் குறுக்க நிக்கல.”

“முப்பது குழிதானே, அந்தப் பணத்த நீயே வச்சிக்க” என்றான், பிச்சைக்காரிக்குப் போடுகிற மாதிரி.

“உனக்குன்னு ஒரு வக்கீல வச்சுப் பாத்துக்கடா.”

“எதுக்கு? அதான் அவங்க வக்கீல் இருக்காருல்ல.”

எச்சரித்தேன், எச்சரிக்காமல் இல்லை.

நாற்றங்காலில் அவன் பாதியை எனக்கு எழுதிய பத்திரம் பதிவானது. அவன் படிக்கவே இல்லை. என் வக்கீலம்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தார். ஆபீஸ் வாசலில், வாங்குகிறவர்களின் வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பி கேட்டான்.

“அப்ப நாத்தங்கால என்னிக்கிக்கா இவங்களுக்குக் கெரயம் பண்ணிக் குடுக்குற?”

“அத நான் விக்கலியே.”

“விக்கலியா? எல்லாம் சேத்துத்தான குடுக்குறோம்?”

“நான் சொன்னனா? பத்திரத்துல இருக்கா? நீ கேட்டியா?”

அவன் முகம் போன போக்கை நான் அவசரப்படாமல் பார்த்தேன். எட்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன். அந்த வக்கீல் பையை மூடினார். ரோடு இல்லாத நிலம் எங்கள் ஆட்களுக்கு வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

“நீங்களாச்சும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?” என்றான் தம்பி.

“நான் உங்க வக்கீல் இல்லீங்களே.”

நாற்றங்கால் வழியாக மற்ற வயல்களுக்குப் போகிற வாய்க்காலை மட்டும் மறிக்காதீர்கள், உங்கள் தம்பி கேஸ் போடுவார் என்றார் வக்கீலம்மா. தண்ணீரை மறிக்கிற புத்தி எனக்கு இல்லை, பயிர் எனக்கு என்ன செய்தது? நாலு பக்கமும் கல் ஊன்றி முள்கம்பி கட்டி ரோட்டோரம் ஒரு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினேன். அவ்வளவுதான்.

தை மாதம் அறுவடை மிஷின் வந்து அந்தக் கதவுக்கு வெளியே நின்றது. கதிர் முற்றிச் சாய ஆரம்பித்திருந்தது. தம்பி போன் செய்தான்.

“கதவத் தெறந்து விடு.”

“போன்ல எனக்குச் சரியாக் கேக்கல. நேர்ல வா.”

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். நான் உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்றான்.

“மிஷின் போவணும்.”

“போகட்டும். யாரு நெலத்து வழியாப் போவணும்?”

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடித்தேன்.

“உன் நெலத்து வழியா, அக்கா.”

சாவியைக் கொடுத்தேன். அறுப்பு முடிந்ததும் அவனே கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். அடுத்த போகத்துக்கும் அவன் வந்துதான் கேட்க வேண்டும்.