விருந்தினர் ஏட்டில் ஒரு பேரம்

பழனாத்தாள் கம்ப்யூட்டரை விரலால்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் 1999-ஆம் வருஷம் அதற்குள் அவளுக்கு ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்கு வாசல் இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, வருகிறவன் முகமும் தெரியாது. பேரம் மட்டும் மைசூர் தேவராஜ மார்க்கெட்டை விடப் பத்து மடங்கு நடந்தது.

அவள் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரி. கொத்து வேலைக்காரனான மல்லப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள். தபால் ஆபீஸ் வாசலில் காடாத் துணியும் கோணி ஊசியும் அரக்குக் கட்டியுமாக உட்கார்ந்து பதினைந்து வருஷம் பார்சல் தைத்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டியைத் துணியில் பொதிந்து, தையலுக்கு மேல் அரக்கு முத்திரை வைத்தால்தான் கவுண்டரில் வாங்குவார்கள். பிள்ளையை விமானம் ஏற்ற ஒரு லட்சம் செலவழித்தவர்கள், தைக்கிறவளிடம் இரண்டு ரூபாயைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்பார்கள். குறைத்தவுடன் ஜெயித்துவிட்ட நடையோடு ஆட்டோவில் ஏறுவார்கள். ஆட்டோக்காரன் கேட்டதைக் கொடுப்பார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார்கள். பதினைந்து வருஷமாக அவள் காதில் விழுந்தது ஒரே பாட்டுத்தான்: ரசப்பொடி, சாம்பார் பொடி, வடகம். ஒருநாள் ஒரு பொட்டலம் பிரிந்து பொடி கொட்டியது. அள்ளி முகர்ந்து பார்த்தாள். மல்லியை வறுக்காமலே அரைத்திருந்தார்கள்.

"இதையா அத்தன தூரம் அனுப்பறாங்க? இதுக்கு மரத்தூள் அனுப்பலாமே" என்றாள் பக்கத்தில் நின்றவரிடம்.

நின்றவர் கிரண். தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியறையில் நான்கு கம்ப்யூட்டரை வைத்து, மணிக்கு இத்தனை என்று வாடகைக்கு விடுகிறவர். முப்பது வயசுக்குள் தொப்பையும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிட்ட மனுஷன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனனுக்குப் பார்சல் போட வந்திருந்தார். அடுத்த வாரம் அவள் தானே அரைத்த பொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பார்சலில் போன அதை ருசித்துப் பார்த்த மைத்துனன், இன்னும் வேண்டும் என்று அங்கிருந்து ஃபோன் செய்தான். கிரண் அவளுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார்: பொடியின் படம், விலை, மெயில் முகவரி, அடியில் ஒரு விருந்தினர் ஏடு.

அந்த ஏடு என்னவென்று கிரண் விளக்கினார். "யாரு பேக்காதரும், யாரு வேணும்னாலும் வந்து எழுதலாம் அக்கா. எழுதினத உலகமே பார்க்கும்."

"கோயில் செவுத்துல கரியில எழுதற மாதிரியா?"

"அதேதான்."

இரண்டு கிலோப் பெட்டி நாற்பது டாலர். தபால் செலவு, தையல், அரக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த நாற்பதில் பாதிக்கு மேல் தபால் ஆபீஸே தின்றுவிடும். பணத்தை அங்கிருந்து சுலபமாக அனுப்ப வழி இல்லாததால், வாங்குகிறவரின் உறவுக்காரர் யாராவது இங்கே ரூபாயாக மணியார்டர் செய்ய வேண்டும். வந்து சேர்ந்ததும் பெட்டி கிளம்பும். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. தபால் ஆபீஸ் வாசலையும் அவள் விடவில்லை. காலையில் தையல், மத்தியானம் அரைப்பு, சாயங்காலம் கிரண் மாடியில் கடிதம்.

கடிதம் என்றால் பேரம்தான். முகம் பார்த்துப் பேசும்போது மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். கம்ப்யூட்டர் அதையும் துடைத்துவிட்டது. நானும் தமிழன்தான், நமக்குள் என்ன என்று ஆரம்பிப்பான் ஒருவன். இந்தத் தடவை குறைத்துக் கொடு, பிடித்திருந்தால் என் நண்பர்கள் நூறு பேரும் வாங்குவார்கள் என்பான் இன்னொருவன். அந்த நூறு பேரில் ஒருவனையும் அவள் பார்த்ததில்லை. மூன்றாவது ஒரு ஜாதி உண்டு. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து அழுகிறவர்கள். சம்பளம் வாங்கும்போது பெருக்கிப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அவர்களும்.

பழனாத்தாள் ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். தமிழன் என்றவனுக்குத் தமிழிலேயே ஒரு வாழ்த்து அனுப்பினாள், விலையை அப்படியே விட்டாள். நூறு நண்பர்கள் வைத்திருப்பவனிடம், முதலில் அவர்களை வாங்கச் சொல், உனக்குக் கடைசியில் குறைக்கிறேன் என்றாள். முப்பதுக்குக் கேட்டவனிடம், தாராளமாக அனுப்புகிறேன், ஒன்றரைக் கிலோ வரும் என்றாள். எவனுக்கும் கேட்ட அன்றே பதில் போடமாட்டாள்.

"ஒடனே சொன்னா நாம காத்துக்கிட்டிருக்கறம்னு நெனச்சுக்குவான். நாலு நாள் கெடக்கட்டும்."

அவள் சொல்வது ஒன்று, கிரண் அடிப்பது வேறு. "அவனக் கேளு கண்ணு, அங்க பால் கடையில பில்லுப் போடறவ முன்னால நின்னுக்கிட்டு, பாதி வெலைக்குக் குடுன்னு கேக்கற தைரியம் இருக்குதான்னு" என்பாள். 'அன்புள்ள ஐயா, விலை மாறாது. தயவுசெய்து ஒத்துழைக்கவும்' என்று இங்கிலீஷில் போகும்.

"நாஞ் சொன்னதையேதானே எழுதுன?"

"அதே அக்கா. கொஞ்சம் ஸோப்பு போட்டேன்."

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட ஒருவன் வந்தான், தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது. பெயர் சுரேந்தர். மைசூர்ப் பையன், இப்போது கலிஃபோர்னியாவில் பெரிய உத்தியோகம். தன் உத்தியோகத்தின் பெயரை ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நான்கு வரியில் போட்டுக்கொள்கிறவன். நாற்பதைக் கண்டதும் பதினைந்து என்றான். மார்க்கெட்டில் ரசப்பொடி கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியாதா என்றான். தபால் செலவு சேர்த்து என்று எழுதியிருக்கிறதே என்று கிரண் காட்டினார். தபால் செலவு விற்கிறவள் பாடு, நான் ஏன் தர வேண்டும் என்று மூன்றாவது கடிதத்தில் கேட்டான். ஐந்தாவதில் பதினேழு. எட்டாவதில் பதினேழரை. அரை டாலருக்கு ஒரு முழுக் கடிதம்! பத்தாவதில் வியாபாரம் செய்வது எப்படி என்று அவளுக்குப் பாடம் எடுத்தான். பதினொன்றாவது கடிதத்தைக் கிரண் பாதி படிக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள்.

"போதும். இவனுக்குப் பதிலு போடாத. வெலையக் கேக்கறவனில்ல இவன். பேசறதுக்கு ஆளில்லாம கேக்கறான்."

அங்கேதான் வினை வந்தது. பதில் வராத கோபத்தில் சுரேந்தர் விருந்தினர் ஏட்டில் போய் எழுதினான்: இந்தப் பெண் மூன்று மடங்கு விலை வைத்து வெளிநாட்டில் இருப்பவர்களைக் கொள்ளையடிக்கிறாள், ஏமாறாதீர்கள். கிரண் அதை அழித்தார். மறுநாளே, நான் எழுதியதை அழித்துவிட்டார்கள், இதிலிருந்தே தெரியவில்லையா என்று முழுக்கப் பெரிய எழுத்தில் திரும்பி வந்தது.

"இதையும் அழிச்சுடறேன்."

"வேண்டாம். அழிக்க அழிக்க அவஞ் சொன்னதே நெசமுன்னு ஆயிரும். கெடக்கட்டும்."

கிடந்தது. அதற்குக் கீழே இன்னொருவன், நானும் யோசித்தேன், விலை அதிகம்தான் என்று எழுதினான். ஏற்கெனவே மூன்று முறை வாங்கிய ஓர் அம்மாள், எனக்கு மிச்சப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டாள். இத்தனைக்கும் அவளுக்குப் பொடி பிடித்திருந்தது. மலிவாகக் கிடைக்கவில்லையே என்பது பொடி தீர்ந்தபிறகுதான் உறைத்திருக்கிறது.

போன வருஷம் இதே சமயம் பதினான்கு பெட்டி கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை இரண்டு. பழனாத்தாள் வீட்டிலோ முப்பது கிலோப் பொடி அரைத்துத் தகர டின்களில் அடைத்து வைத்திருந்தது. பொடி ஊறுகாய் இல்லை. நாள் போகப் போக வாசனை போகும். தினமும் காலையில் ஒரு டின்னைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். முந்தாநாள் மூக்கில் ஏறியது இன்றைக்கு ஏறவில்லை. இன்னும் இரண்டு வாரத்துக்குள் கேட்பார் வராவிட்டால் டின்களோடு அந்தக் கடையும் முடிந்தது. பிறகு ஊசிதான், இரண்டு ரூபாய்ப் பேரம்தான்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை, தபால் ஆபீஸ் வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கினாள். வயசு நாற்பத்தைந்து இருக்கும். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, இத தைக்க எஷ்டு?"

"இருவது ரூவாங்க."

"இருபதா! சும்னே நாலு தையல் போடறதுக்கு? பன்னண்டு தரேன்."

"துணியும் அரக்கும் என்றதுங்க. இருவதுதான்."

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை வைத்தாள். எடை தெரிந்தால்தான் தபால் தலைக்குப் பணம் எடுத்து வைக்கலாம் என்று சொல்லி, தைப்பதற்கு முன் அதைக் கவுண்டருக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அய்யோ, இது என்ன அநியாயம்! உள்ள இருக்கற சாமானப் போல மூணு பங்கு கேக்கறான் தபாலுக்கு! பொடி வாங்கினது, வடகம் வாங்கினது, ஆட்டோ, இப்ப இது..." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் என் தம்பியால. அமெரிக்காவுல இருக்கான். யாரோ கம்ப்யூட்டர்ல விக்கறாளாம், கள்ளியாம். நாப்பது டாலர் கேக்கறாளாம். நீயே மார்க்கெட்ல வாங்கி அனுப்பு ரூபாக்கா, பாதி விலையில முடிஞ்சுடும்ங்கறான்."

பழனாத்தாள் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, மேலே எழுதியிருந்த முகவரியைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கிரண் பதினோரு தடவை திரையில் தொட்டுப் படித்துக் காட்டிய பெயரின் முதல் எழுத்துகள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"உங்க தம்பி பேரு சுரேந்தருங்களா?"

அந்த அம்மாள், ரூபா, நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தக் கள்ளி நாந்தானுங்க."

பழனாத்தாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நாப்பது டாலருக்கு இன்னைக்கி என்ன ரூவா வருமுன்னு கேட்டு வெச்சுக்கங்க. இந்தப் பெட்டிக்கு நீங்க இது வரைக்கும் செலவழிச்சதக் கூட்டுங்க. தபால் செலவும் என்ற கூலியும் சேத்துத்தான் கூட்டோணும்."

ரூபா விரல் விட்டுக் கூட்டினாள். ஆட்டோவைச் சேர்த்தாள், பிறகு விட்டுப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் நாற்பதைத் தாண்டியே நின்றது.

"இதுல உங்க தம்பி போடற பணம் எவ்வளவுங்க?"

"அவன் எங்க போடறான்? மணியார்டர்னாலும் நான்தான், தபால்னாலும் நான்தான். ஊருக்கு வரப்ப தரேம்பான். வந்தா ஒரு சாக்லேட் டப்பா, ஒரு ஸெண்ட்டு." சொல்லச் சொல்ல ரூபாவுக்கே விஷயம் விளங்கியது. "அப்ப பதினோரு கடுதாசி போட்டு அவன் பேரம் பேசினது என் காசுக்கா?"

"உங்களுக்கு மிச்சம் பண்ணத்தானுங்க பாடுபட்டிருக்கறாப்புல" என்றாள் பழனாத்தாள். "அதுல என்ற பொழப்புத்தான் போச்சு. கம்ப்யூட்டர் செவுத்துல என்னையக் கள்ளின்னு எழுதி வெச்சுட்டாரு. முப்பது கிலோப் பொடி வீட்டுல வாசன போயிக்கிட்டிருக்குது."

"நான் வேணும்னா உன் பொடியில ரெண்டு கிலோ வாங்கிக்கறேன்."

"ரெண்டு கிலோ வித்து நான் என்னங்க பண்றது? எழுதின எடத்துலயே வந்து எழுதிக் குடுங்க. இன்னைக்கி கூட்டிப் பாத்ததை மட்டும் எழுதுனாப் போதும்."

ரூபா யோசித்தாள். தம்பியைப் பற்றி உலகம் பார்க்க எழுதுவது சின்ன விஷயம் இல்லை. அவன் அனுப்பிய ஃபோட்டோவைக் கூடத்தில் மாட்டி வைத்திருப்பவள் அவள். கவுண்டர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கையிலிருந்த பர்ஸை ஒரு தடவை பார்த்தாள்.

"எழுதறேன். இந்தத் தையலுக்குப் பன்னண்டு வாங்கிப்பியா?"

பழனாத்தாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க குடும்பமே குடும்பமுங்க! இருவதுதான். எழுதுனாலும் இருவது, எழுதாட்டியும் இருவது."

கிரண் மாடியில் ரூபா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொல்ல, அவர் அடித்தார். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் ஆட்டோ நினைவு வந்ததும் குரல் ஏறியது. கடைசியில் ஏட்டில் நின்றது இதுதான்: 'நான் சுரேந்தரின் அக்கா. இதே சாமானை நானே வாங்கி, நானே தபாலில் போட்டேன். இந்த அம்மாள் கேட்பதை விட எனக்கு அதிகம் ஆயிற்று. செலவை ரூபாய் ரூபாயாகக் கீழே கொடுத்திருக்கிறேன். சுரேந்தர், நீ சின்ன வயசில் கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசுக்குக் கமர்கட் தின்றுவிட்டுக் கணக்குச் சொல்லத் தெரியாமல் நிற்பாய். இப்போதும் கணக்கு வரவில்லை. அடுத்த தடவை உன் பணத்தில் வாங்கு.'

"இதுக்கு ஸோப்பு போடட்டுமா அக்கா?" என்று கிரண் பழனாத்தாளைக் கேட்டார்.

"ஒரு எழுத்த மாத்துனீன்னா கைய ஒடிச்சுருவன்."

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரே நாளில் மூன்று பெட்டிக்குக் கேட்டு வந்தது, மறுநாள் நான்கு. விலையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. தங்கள் தங்கள் அக்காக்களை நினைத்துப் பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. முப்பது கிலோவும் போகவில்லை; இருபத்திரண்டு போனது. மீதியை முகர்ந்து பார்த்துவிட்டு, இது இனி விற்கிற சரக்கில்லை என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். மல்லப்பன் பொங்கல் வரைக்கும் ரசமாகக் குடித்தார்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது சுரேந்தரிடமிருந்து கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். கிரண் படித்துக் காட்டினார்: ஏட்டிலிருக்கும் என் அக்காவின் குறிப்பை என் ஆபீஸில் உள்ளவர்கள் படித்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டால் நாற்பது டாலருக்கே இரண்டு பெட்டி வாங்கிக்கொள்கிறேன். இன்றே பதில் வேண்டும்.

"ரெண்டு பெட்டி அக்கா. முழு வெல."

பழனாத்தாள் நான்கு நாள் காக்க வைக்கவில்லை. எழுந்துபோகவும் இல்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"பொடி நாப்பது டாலருதான், எத்தன பெட்டி வேணும்னாலும் தரலாம். ஆனா செவுத்துல எழுதுனது விக்கறதுக்கில்லைன்னு எழுது."

கிரண் அப்படியே அடித்தார்.