விரத வீட்டு நாய்க்கு மீன் வாசனை

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் வைக்கவில்லை. மாட்டுத் தொழுவத்தைக் காவல் காத்ததால் அம்மா கேலியாகக் "காவல்காரர்" என்றாள். நாங்களும் பிடித்துக்கொண்டோம். கேலி நாளடைவில் மறந்துபோய் மரியாதை மட்டும் மிச்சமாயிற்று. "காவல்காரர் சாப்பிட்டாரா?" என்றுதான் இன்றும் எனக்குச் சொல்ல வரும்.

அப்போது நாங்கள் பர்மாவில், தன்லியின் என்ற ஆற்றோர ஊரில், ஒரு தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் இருந்தோம். நாலு கறவை மாடு, ஒரு கன்றுக்குட்டி, அப்பா, அம்மா, மூத்தவள் நான், என்னைவிட மூன்று வயது சின்னவளான தங்கச்சி. அப்பா விடியலில் பால் கறந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டி பஸ் ரோட்டுக்குக் கொண்டுபோவார். பாதிப் பால் அங்குள்ள டீக்கடைகளுக்கு, மீதி பஸ் ஏறிப் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் லான்மடாவில் ஒரு இனிப்புக் கடைக்கு. காவல்காரரின் வேலை, கறவை முடிந்ததும் மாடுகளை மதிலோரப் புல்வெளிக்கு ஓட்டிப்போய் விடுவது. பாம்பைக் கண்டால் குரைப்பார். மற்ற எதற்கும் குரைக்க மாட்டார், அலட்டல் இல்லாத மனிதர்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் பக்கத்துத் தொழுவங்களில் கோமாரி வந்து மாடுகள் விழுந்தன. எங்கள் மாடுகளுக்கும் வாயில் நுரை தள்ளியபோது அம்மா கோயிலுக்கு ஓடி, நாலும் பிழைத்தால் தீ மிதிக்கிறதாக வேண்டிக்கொண்டாள். நாலும் பிழைத்தன. அதற்குப் பிறகுதான் அவள் முழு வேண்டுதலையும் வீட்டில் சொன்னாள்: மிதிக்க வேண்டியது அப்பா.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் அப்பா.

"மாடு உங்களோடதுதானே?" என்றாள் அம்மா. அம்மாவிடம் பேசி ஜெயித்ததாக அப்பாவுக்கு முன் அனுபவம் கிடையாது.

கோயிலில் கொடி ஏறியதும் அப்பா காப்புக் கட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டிக்கு மாறினார். தீமிதி முடியும்வரை வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, ஙாப்பி இல்லை. ஙாப்பி என்பது அரைத்துப் புளிக்கவைத்த மீன். பர்மாவில் பிறந்தவர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது, எங்கள் அப்பாவுக்குச் சுத்தமாக இறங்காது. அம்மா ஙாப்பி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தபோது அவர் பார்த்த பார்வையில் துக்க வீட்டுக் களை இருந்தது. விரதம் காவல்காரருக்கும் சேர்த்துத்தான். காப்புக் கட்டியவர் காலில் உரசுகிற நாய், அதன் வாயில் மீன் படக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவருக்குப் பருப்புச் சோறு வைத்தோம். மோந்து பார்த்தார், எங்களையும் ஒரு பார்வை பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் அதற்குப் பிறகு இளைக்கவே இல்லை. பருப்புச் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது, எறும்பு தின்றது, ஆனால் காவல்காரருக்கு வயிறு உருண்டுகொண்டு வந்தது. முடி பளபளத்தது. தினமும் காலையில் மாடுகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு எங்கோ போய் வந்தார். திரும்பி வந்து கொட்டாவி விட்டால் தொழுவம் முழுக்க மீன் வாசனை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பர்மாக்காரர், மூங்கில் தட்டுகளில் மீன் காயவைத்து விற்பவர். ஒருநாள் வேலிப் பக்கம் வந்து, சண்டை போடாமல், தட்டில் இரண்டு மூன்று மீன் குறைகிறது, காக்கையாகவும் இருக்கலாம் என்று பர்மியத்தில் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது போதும்.

"காப்புக் கட்டின வீட்டுல திருட்டு மீன் திங்கிற நாயா? நெருப்புல எறங்கறப்ப இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் அலோனில் படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் வேலை செய்த தூரத்து உறவுக்காரர் காவலுக்கு நாய் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகும்படி அம்மா போனில் சொல்லிவிட்டாள். அந்தக் கிடங்கை நான் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்கச் சங்கிலி, சுற்றிலும் லாரி, ஒரு புல் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் அன்று பாத்திரம் துலக்கும்போது ஒரு தம்ளரை நசுக்கினேன். அப்பா திண்டில் சாய்ந்து காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. காவல்காரர் எங்கே தின்கிறார் என்று கண்டுபிடித்து, அவர் திருடர் இல்லை என்று நிரூபிப்பது என நானும் தங்கச்சியும் முடிவு செய்தோம். அவர் திருடராகவே இருந்தால் என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். நான் அவளை முறைத்தேன்.

முதலில் கன்றுக்குட்டியின் மணியைக் கழற்றிக் காவல்காரர் கழுத்தில் கட்டினோம், சத்தத்தை வைத்துப் பின்னாலேயே போகலாம் என்று. தன் மணி நடந்துபோவதைப் பார்த்த கன்றுக்குட்டி அவரைத் துரத்த ஆரம்பித்தது. அது நகர்ந்ததும் தாய்ப்பசு கத்திக்கொண்டு பின்னால் வந்தது. காவல்காரர் மூன்று சுற்று ஓடிவிட்டு நடு வாசலில் உட்கார்ந்து, மணியைக் கழற்றும்வரை அசைய மறுத்துவிட்டார்.

அடுத்த யோசனை என்னுடையது, அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. யாரோ அவரைத் தடவிக்கொடுத்துத்தான் தீனி போடுகிறார்கள், அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். அம்மாவின் மஞ்சள் டப்பாவை எடுத்துக் காவல்காரரின் தலையிலும் முதுகிலும் நன்றாகத் தேய்த்துவிட்டோம். அவர் திரும்பி வந்தபோது தலையில் மஞ்சள் அழிந்திருந்தது, சந்தேகமே இல்லை, ஒரு கை பட்டிருக்கிறது. இனி மஞ்சள் கையைத் தேட வேண்டியதுதான் பாக்கி. அப்பாவுக்குக் காப்பு மஞ்சள், வேட்டி மஞ்சள், கை மஞ்சள். தினமும் மஞ்சள் அரைக்கிற அம்மாவின் விரல் மஞ்சள். கோயிலுக்கு அழைக்க வந்த நாலு பேருக்கும் உள்ளங்கை மஞ்சள். தேய்த்துவிட்ட எங்கள் இருவருக்கும் முழங்கைவரை மஞ்சள். தீமிதி மாதத்தில் தமிழர் வீட்டில் மஞ்சள் வைத்துத் திருடனைப் பிடிக்கப் பார்த்த ஒரே துப்பறிவாளர் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் கால்களையே நம்பினோம், பின்னாலேயே நடந்துபோவது என்று. அப்பா சைக்கிளில் கிளம்பிய பிறகு காவல்காரர் மாடுகளை ஓட்டிப்போய் விட்டார். நாங்கள் மதிலை ஒட்டிப் பதுங்கியிருந்தோம். அம்மாவின் போன் தங்கச்சி கையில், சாட்சிக்குப் படம் எடுக்க. காவல்காரர் ஒருமுறை மாடுகளை எண்ணுவதுபோல் பார்த்தார். பிறகு வேலை விஷயமாகப் போகிறவர் நடையில் கிளம்பினார். ஆன்ட்டியின் மீன் தட்டுகளைத் தாண்டித்தான் வழி. காவல்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை! "பாத்தியா, பாத்தியா" என்று தங்கச்சியின் தோளில் குத்தினேன். அவளுக்கு அவசரத்தில் தமிழ் வராது, பர்மியத்தில் என்னைத் திட்டினாள்.

சாக்கடைப் பாலம், செருப்புத் தைப்பவர் கூரை, பிறகு பஸ் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு மொஹிங்காக் கடை. மீனை வேகவைத்துக் கரைத்த குழம்பு, அதில் அரிசிச் சேமியா. பசியோடு அந்த வாசனைக்குள் நிற்பது பெரிய சோதனை. காவல்காரர் நேராகப் போய் ஒரு முக்காலிக்கு அடியில் உட்கார்ந்தார். முக்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டி. மரத்தில் சாய்ந்து எங்கள் பால் கேன்கள்.

அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். காப்புக் கயிறு மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது. கடைக்காரம்மா ஒரு பழைய தட்டில் சேமியாவும் மீனும் போட்டுக் காவல்காரர் முன்னால் வைத்தார். யாரும் கேட்கவில்லை, தானாகவே வைத்தார். அப்பா இடது கையால் நாயின் தலையைத் தடவிக்கொண்டே குடித்தார். பல நாளாக வீட்டில் பார்க்காத சந்தோஷம் அந்த முதுகில் தெரிந்தது.

தங்கச்சி படம் எடுத்துவிட்டாள். "கெடச்சாச்சு! அம்மாகிட்ட காட்டுவம் வா" என்றாள்.

நான் போனைப் பிடுங்கி அந்தப் படத்தை அழித்தேன். ஏன் என்று கத்தினாள். எனக்கே தெரியவில்லை. அம்மா அந்தப் படத்தைப் பார்க்கிற முகம் கண்ணில் வந்தது, அப்பா தலைகுனிந்து நிற்பது வந்தது, அதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. "அப்பாவே சொல்லிருவாரு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றேன்.

அப்பா சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்புச் சோற்றைப் பிசைந்து உள்ளே தள்ளினார். அம்மா, "இவன் போனப்புறம்தான் வீடு சுத்தமாகும்" என்றபோது தண்ணீர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயைத் திருடனாக்கிவிட்டு எப்படி இவரால் தண்ணீர் குடிக்க முடிகிறது என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்குக்காரர் ஒரு கயிற்றோடு வந்துவிட்டார். அம்மா டீ கொடுத்தாள். அவர் காவல்காரர் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தார். காவல்காரர் நாலு காலையும் ஊன்றி நின்றார். கடிக்கவில்லை, உறுமவில்லை, சும்மா நின்றார். இழுத்து இழுத்து அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"நீங்க சொன்னாத்தான் வருவான் போல, அண்ணே. ஒரு வார்த்தை போன்னு சொல்லுங்க" என்றார் அப்பாவிடம்.

மாடுகளை ஓட்டச் சொல்வதும், நிறுத்தச் சொல்வதும் அப்பாதான். அப்பா "போ" என்றால் காவல்காரர் எங்கேயும் போவார், மழையிலும் போவார். இப்போதும் அப்பா வாயையே பார்த்துக்கொண்டு, காதை நிமிர்த்தி, வேலைக்குத் தயாராக நின்றார். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நாந்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?" என்றாள் அம்மா.

"மீனு. அவன் திருடல. நான் திங்கறப்ப அவனுக்கும் வாங்கிக் குடுத்தேன். கொடி ஏறுன மூணாம் நாள்லேர்ந்து, தெனம்."

கிடங்குக்காரர் டீத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, காப்புக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டித் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேண்டிக்கிட்டது என் வாயி. நெருப்பு உங்க காலுக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள். "சாமிகிட்ட நானே போயிப் பேசிக்கறேன். வாயத் தொறக்க இத்தன நாளா உங்களுக்கு?"

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். குனிந்து காவல்காரர் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார், முடிச்சு இறுகியிருந்ததில் நேரமாயிற்று. காவல்காரர் பொறுமையாகக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு, மாடுகளை இன்னும் ஓட்டவில்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல், தொழுவத்துக்கு ஓடினார்.

தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியே அப்பாவே சொல்லிட்டாரு!" என்றாள். அவள் கண்ணில் நான் பெரிய கெட்டிக்காரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு கட்டும்போது நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுக்கும்போதும் நின்றேன். அப்பாமேல் அத்தனை கோபப்பட்ட எனக்கு உண்மை வெள்ளிக்கிழமையே தெரியும். அவர் "போ" என்று சொல்லியிருந்தாலும், நான் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல்தான் நின்றிருப்பேன்.

மத்தியானம் காவல்காரர் வழக்கம்போல் வந்து என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் நகர்ந்து வந்து மறுபடியும் வைத்தார்.